ஒரு பெஞ்ச், ஒரு ஸ்டாப்வாட்ச், மூன்று முறை நாடி

செலக்‌ஷன் நடக்கிற எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "பையன் நல்லா ஆடுறான், ஆனா ஸ்டாமினா பத்தாது." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், மூன்றாவது செட்டில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான், மூச்சு வாங்கியது, பார்த்தேனே என்பார்கள். அன்றைக்கு அந்தப் பையன் காலையில் சாப்பிட்டானா, போன வாரம் காய்ச்சலில் கிடந்தானா, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தானா என்று யாரும் கேட்பதில்லை. பார்வையில் ஒருவரின் ஆட்டத்தைக் கணிக்கலாம், நுணுக்கத்தைக் கணிக்கலாம், இதயத்தைக் கணிக்க முடியாது. ஊரில் வாலிபால் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பயிற்சி கொடுத்துவருகிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

இத்தனைக்கும் இதை அளக்க லேப் வேண்டாம், டிரெட்மில் வேண்டாம், முகத்தில் மாட்டும் மாஸ்க் வேண்டாம். ஒரு பெஞ்ச், ஒரு ஸ்டாப்வாட்ச், நாடி பிடிக்கத் தெரிந்த ஒருவர் போதும். உடற்கல்வி ஆசிரியர் பட்டமான பி.பி.எட். படித்த எல்லோரும் பிராக்டிகலில் செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம் மறந்துவிட்ட ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்டைத்தான் சொல்கிறேன்.

இது பிறந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை 'ஃபெட்டீக் லேபரட்டரி' என்று ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. களைப்பு என்றால் என்ன, மனித உடம்பு வெயிலிலும் குளிரிலும் மலை உச்சியிலும் கடும் உழைப்பிலும் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேலை. அது இயங்கியது மருத்துவக் கல்லூரியில் இல்லை, பிசினஸ் ஸ்கூல் கட்டடத்தின் அடித்தளத்தில். போர் வந்ததும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உடல் தகுதியைச் சீக்கிரமாக, செலவில்லாமல் பார்க்க வேண்டிய தேவை வந்தது. அங்கே வேலை பார்த்த பெல்ஜியம்காரரான லூசியன் புரூஹாவும் அவருடைய கூட்டாளிகளும் 1943இல் இந்த முறையை வெளியிட்டார்கள். 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் உலகம் முழுக்க உடற்கல்விக் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

செய்யும் முறை இதுதான். 20 அங்குல உயர பெஞ்ச், அதாவது சுமார் 51 செ.மீ. நிமிஷத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும், அப்படி 5 நிமிஷம். ஒரு தடவை என்பது நாலு எண்ணிக்கை: ஒரு கால் மேலே, இன்னொரு கால் மேலே, முதல் கால் கீழே, இரண்டாவது கால் கீழே. ஆக 2 விநாடிக்கு ஒரு முழு ஏற்ற இறக்கம். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் போட்டு 120இல் வைத்தால் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பாதம் என்று கணக்கு சரியாக வந்துவிடும். மேலே ஏறியதும் முட்டியை நீட்டி முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும், பாதி வளைந்தபடியே இறங்கினால் அது ஏறினதாகாது. நடுவில் எந்தக் காலால் தொடங்குகிறோம் என்பதை ஓரிரு முறை மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒரே தொடை கடுத்துப்போகும்.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் 5 நிமிஷத்தில் 150 ஏற்றம், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், கூட்டினால் 76 மீட்டர். கிட்டத்தட்ட 25 மாடி ஒரே மூச்சில் ஏறுவதற்குச் சமம், அதுவும் ஒவ்வொரு படியும் வீட்டுப் படியைப் போல மூன்று மடங்கு உயரம். முதல் நிமிஷத்தில் பேசிக்கொண்டே ஏறுகிற பிள்ளைகள் மூன்றாவது நிமிஷத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாலாவது நிமிஷத்தில் தாளம் தவற ஆரம்பிக்கும். தொடர்ந்து 15, 20 விநாடி தாளத்தைப் பிடிக்க முடியாமல் போனால் அங்கேயே நிறுத்தச் சொல்லி, எத்தனை விநாடி தாக்குப்பிடித்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்தியது தோல்வி இல்லை, அந்த விநாடியும் கணக்கில் வரும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. நிறுத்தினதும் உட்கார வைத்துவிடுங்கள். பேச்சு கூடாது, தண்ணீர் பாட்டிலைத் தேடி எழுந்து போகவும் கூடாது. முழுசாக 1 நிமிஷம் காத்திருந்து, 1 நிமிஷத்திலிருந்து 1½ நிமிஷம் வரைக்கும் நாடியை எண்ண வேண்டும். அப்புறம் 2 நிமிஷத்திலிருந்து 2½ வரை. அப்புறம் 3இலிருந்து 3½ வரை. மூன்று முறை, ஒவ்வொன்றும் 30 விநாடி.

எண்ணுகிறவர் மணிக்கட்டின் உள்பக்கம், பெருவிரலுக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, அதற்கென்று தனி துடிப்பு உண்டு, நம்முடைய நாடியையே எண்ணித் தொலைத்துவிடுவோம். வியர்வையில் வழுக்கும், ஒரு துண்டால் ஒற்றிவிட்டு வையுங்கள். சிலருக்கு மணிக்கட்டில் சரியாகக் கிடைக்காது, அப்போது கழுத்தில் பார்க்கலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும், லேசாகத் தொட்டால் போதும். கழுத்து ரத்தக்குழாயில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, அங்கே பலமாக அழுத்தினால் இதயத் துடிப்பே குறைந்துவிடும், நாம் எடுக்கிற எண்ணும் தப்பாகிவிடும், ஆளுக்குத் தலைசுற்றலும் வரலாம். பிள்ளை தன் நாடியைத் தானே எண்ணட்டும் என்று விடாதீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவருக்கு எண்ணிக்கை நிற்காது. ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒருவர் ஏற ஒருவர் எண்ண வைத்தால் ஒரு டீமையே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கணக்கு எளிது. எத்தனை விநாடி ஏறினாரோ அதை 100ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கையையும் கூட்டி இரண்டால் பெருக்கியதால் வகுக்க வேண்டும். முழு 5 நிமிஷம் ஏறினவருக்கு மேலே வருவது எப்போதும் 30,000. மூன்று எண்ணிக்கைகள் 60, 52, 48 என்றால் கூட்டுத்தொகை 160, இரு மடங்கு 320, விடை ஏறக்குறைய 94. அதே 5 நிமிஷம் முடித்த இன்னொருவருக்கு 78, 72, 68 என்று வந்தால் கூட்டுத்தொகை 218, விடை 69. வழக்கமான அட்டவணைப்படி 90க்கு மேல் மிகச் சிறப்பு, 80லிருந்து 89 நல்லது, 65லிருந்து 79 சராசரிக்குச் சற்று மேல், 55லிருந்து 64 சராசரிக்குக் கீழ், 55க்கும் கீழே போனால் மோசம்.

அந்த இரண்டு பேரும் பெஞ்சில் செய்தது ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே தாளம். வெளியே இருந்து பார்த்தால் இருவருமே முடித்துவிட்டார்கள். வித்தியாசம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இந்த டெஸ்ட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான். எவ்வளவு தூரம் ஓடினாய், எவ்வளவு நேரம் தாங்கினாய் என்று மட்டும் பார்க்காமல், செய்து முடித்த வேலையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் மீள்கிறாய் என்று பார்க்கிறது. வாலிபாலில் ஒரு நீண்ட ராலி முடிந்து அடுத்த சர்வீஸ் வருவதற்குள் கிடைக்கிற சில விநாடிகளில் யார் மீள்கிறாரோ அவர்தான் ஐந்தாவது செட்டிலும் பிளாக்குக்குக் குதிப்பார். கபடிக்கும் இதே கதைதான், ஃபுட்பாலுக்கும் இதேதான்.

உடம்புக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். உழைக்கும்போது தசைக்கு ஆக்சிஜன் வேண்டும், அதைக் கொண்டுபோவது ரத்தம், அதைத் தள்ளுவது இதயம். பயிற்சி இருக்கிற இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தைத் தள்ளும், அதனால் ஒரே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும். நல்ல பயிற்சியில் இருக்கிற நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குச் சும்மா இருக்கும்போது நாடி 50 சொச்சத்தில் இருப்பது இதனால்தான். வேலையை நிறுத்தின முதல் ஒரு நிமிஷத்தில் துடிப்பு இறங்குவதற்கு முக்கியக் காரணம் வேகஸ் நரம்பு. உழைப்பின்போது அடங்கியிருந்த அந்த நரம்பு மறுபடி வேலைக்கு வந்து, பொங்குகிற பாலுக்கு அடுப்பைத் தணிக்கிற மாதிரி இதயத்தை அடக்குகிறது. பயிற்சி உள்ளவர்களுக்கு இது சட்டென்று நடக்கும். அதற்குப் பிறகு வருகிற மெதுவான இறக்கம், ரத்தத்தில் ஏறின அட்ரினலின் குறைவதையும், தசையில் சேர்ந்த கழிவுகள் போவதையும், உடம்புச் சூடு தணிவதையும் பொறுத்தது. மூன்று தனித்தனி நேரத்தில் எண்ணச் சொல்வதால் இந்த இறக்கம் எப்படிப் போகிறது என்பதையும் ஓரளவு பார்த்துவிட முடிகிறது. விடையை மட்டும் எழுதாமல் மூன்று எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். விளையாட்டுக்கு வெளியேயும் இந்த இறக்கத்துக்கு மதிப்பு உண்டு: டிரெட்மில் டெஸ்ட் முடிந்து முதல் நிமிஷத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கினவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அபாயம் கூடுதல் என்று 1999இல் அமெரிக்க மருத்துவர்கள் பெரிய ஆய்வு ஒன்றில் காட்டினார்கள்.

நான் இதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் டீமில் லிபரோ, அதாவது பின்வரிசையில் தடுத்து மட்டும் ஆடுகிற பையன், வழக்கமாக 85க்கு மேலேயே இருப்பான். ஒரு வைகாசியில் டெஸ்ட் எடுத்தபோது திடீரென்று 70க்குப் பக்கத்தில் வந்து நின்றான். பெஞ்சில் ஏறும்போது குறை ஒன்றும் தெரியவில்லை, 5 நிமிஷமும் முடித்தான், முதல் எண்ணிக்கைகூடப் பரவாயில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் இறங்கவே மாட்டேன் என்றது. தனியாகக் கூப்பிட்டு, "என்ன தம்பி, நைட்டு தூங்குறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முகூர்த்த நாளெல்லாம் பந்தி பரிமாறப் போறேன் சார், விடியக்காலைலதான் வீடு" என்றான். வீட்டில் பணக் கஷ்டம். கோச் திட்டுவார் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். அவனுக்கு முகூர்த்தம் முடிகிற வரை காலைப் பயிற்சியைத் தள்ளிவைத்து, மாலையில் பாதி வேலை மட்டும் கொடுத்தோம். ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்றதும் எண் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது.

அந்த 70ஐ அட்டவணையில் வைத்துப் பார்த்தால் 'சராசரிக்குச் சற்று மேல்', கவலைப்பட ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டிருப்போம். அவனுடைய சொந்த எண்ணோடு வைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதற்கு இது அவ்வளவு நல்ல கருவி இல்லை, ஒருவரை அவரோடே ஒப்பிடுவதற்கு அருமையான கருவி.

ஏன் ஒப்பிடக் கூடாது என்றால், முதல் காரணம் உயரம். 51 செ.மீ. பெஞ்ச் 6 அடிப் பையனுக்கு ஒன்றுமில்லை, 5 அடி 2 அங்குலப் பையனுக்கு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முட்டி இடுப்பு வரைக்கும் வர வேண்டும். அவனுக்கு இதயம் களைப்பதற்கு முன்னால் தொடை களைத்துவிடும். நாம் அளக்க நினைத்தது ஒன்று, அளந்தது வேறொன்று ஆகிவிடும். உடம்பு எடையும் அப்படித்தான், கனமானவர் ஒவ்வொரு தடவையும் அதிக எடையைத் தூக்குகிறார். பெண்களுக்கு 16 அல்லது 18 அங்குலப் பெஞ்ச் வைப்பார்கள், நேரத்தையும் குறைப்பதுண்டு, இது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். எந்த உயரம் எடுத்தீர்களோ அதையே கடைசி வரை மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் முக்கியம். இன்னொன்று, ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்ச அளவான விஓ2 மேக்ஸை நேரடியாகத் தெரிந்துகொள்ள இது உதவாது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் தோராயமானதுதான். அந்த எண்தான் வேண்டும் என்றால் கென்னத் கூப்பர் 1968இல் சொன்ன 12 நிமிஷ ஓட்டமோ, லூக் லெஜே கொண்டுவந்த, பீப் சத்தத்துக்கு ஏற்ப 20 மீட்டரை ஓடி ஓடித் திரும்புகிற பீப் டெஸ்ட்டோ மேல். கூப்பர் டெஸ்ட்டில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் போதும், 12 நிமிஷத்தில் 2400 மீட்டர் ஓடினவருக்கு 42 வரும், 2800 ஓடினவருக்கு 51 வரும்.

அதற்கு நல்ல டிராக் வேண்டும், அல்லது அளந்து கோடு போட்ட சமதளம் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கிரவுண்டு பாதி குளம். பள்ளிக்கூட வராண்டாவில் பெஞ்சைப் போட்டு டெஸ்ட்டை முடித்துவிடலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

யோ-யோ டெஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கியது, 20 மீட்டர் போய்த் திரும்பி 10 விநாடி இளைப்பாறி மறுபடி ஓட வேண்டும், பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடிக்கொண்டே போகும். விட்டுவிட்டு ஓடுகிற விளையாட்டுகளுக்குப் பொருத்தமான நல்ல டெஸ்ட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஊரில் அதன் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது கிரிக்கெட் அணித் தேர்வால்தான். 2018 ஐபிஎல்லில் சென்னைக்காக 602 ரன் குவித்த அம்பதி ராயுடு, அந்த ஜூனில் 16.1 என்ற அளவைத் தொட முடியாததால் இங்கிலாந்து ஒருநாள் தொடருக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். அப்புறம் தேறி அதே வருஷம் ஆசியக் கோப்பைக்குத் திரும்பினார். 16.1 என்பது மொத்தம் 1120 மீட்டர் ஓட்டம். சர்வதேச அணிக்கு அப்படி ஒரு கோடு போடுவது அவர்களுடைய முடிவு, அவர்களிடம் டிரெயினர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், தவறினவரைத் தேற்றி மறுபடி கொண்டுவர வழி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாவட்ட அளவில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஒரு டெஸ்ட் வைத்து, கோட்டுக்குக் கீழே வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த நாளிலிருந்து கிரவுண்டுக்கே வராமல் போய்விடும். வளர்கிற வயதில் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் ஏறுகிற எண் இது.

எப்போது எடுப்பது என்பதில் கறாராக இருங்கள். நம் ஊர் வெயிலில் காலை ஆறரைக்கு எடுத்த எண்ணும் பதினொரு மணிக்கு எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. புழுக்கத்தில் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும், பிள்ளை ஃபிட்டாக இருந்தாலும் எண் குறைந்துதான் வரும். அதனால் ஒரே நேரம், ஒரே இடம், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, டீ காபி குடிக்காமல், முந்தின நாள் கடும் பயிற்சி இல்லாமல். மாதத்துக்கு ஒரு முறை போதும். வாராவாரம் எடுத்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும், அரைமனதோடு ஏறுவார்கள்.

யாரை ஏற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எளிய டெஸ்ட் என்றாலும் பலருக்கு இது இதயத்தை உச்சத் துடிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். விளையாடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததுண்டா, வீட்டில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஆம் என்றால் டாக்டர் பார்க்காமல் பெஞ்ச் பக்கமே விடாதீர்கள். காய்ச்சல் விட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். முட்டி வலி இருக்கிறவருக்கும் வேண்டாம். ஏறிக்கொண்டிருக்கும்போது முகம் வெளுத்தாலோ, கால் தடுமாறினாலோ, 'இன்னும் ஒரு நிமிஷம்தான்டா' என்று உசுப்பேற்றாமல் நிறுத்திவிடுங்கள்.

பெஞ்சைப் பற்றிக் கடைசியாக. வகுப்பறை பெஞ்சை இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள், அகலம் பத்தாது, ஓரத்தில் மிதித்தால் கவிழும். ஆசாரியிடம் சொல்லி, இரண்டு பாதமும் முழுசாகப் பதிகிற மாதிரி ஓரடிக்கு மேல் அகலமாக, நாலு பேர் வரிசையாக ஏறுகிற நீளத்துக்கு, கால்களுக்கு நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்து அடித்து வாங்குங்கள். மேலே பழைய ரப்பர் மேட்டை ஆணி வெளியே தெரியாமல் அடிக்கச் சொல்லுங்கள், வியர்வை சொட்டினால் மரம் வழுக்கும். 16 அங்குலத்தில் ஒன்று, 20 அங்குலத்தில் ஒன்று என்று இரண்டாகச் செய்துவிட்டால் ஆண், பெண் இரண்டு டீமுக்கும் ஆகும்.